"ஏற்கனவே கறுப்பாத்தானே இருக்கு?" – சதுப்புக் காட்டு மரமும் நம்ம பைப்பு தண்ணியும்

1/
போன வாரம் கிளினிக்கில் ஒரு அங்கிள். 74 வயசு. பந்திங் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே வேலை செஞ்சு ஓய்வு பெற்றவர். இப்ப மகனோட தாமான் வீட்டில் இருக்கார். சுகர், பிரஷர், வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். கால் புண்ணுக்குக் கட்டு மாத்த வந்தார். என் மேசையில் கிடந்த சதுப்புக் காடு பற்றிய கட்டுரையைப் பார்த்துட்டுக் கேட்டார்: "ஏன் டாக்டர், அந்த பாயா தண்ணி ஏற்கனவே கறுப்பாத்தானே இருக்கும்? மரத்த வெட்டுனா அதுல கெட்டுப்போக புதுசா என்ன இருக்கு?"

2/
ரெண்டு நிமிஷத்தில் ஒரு பதில் சொல்லி அனுப்பினேன். வெளியே பதினோரு பேர் காத்திருந்தாங்க. ஆனா மனசு கேக்கல. ஏன்னா இதே கேள்வியை அங்கிள் அப்பாவியா கேட்கிறார், கோட்டு போட்டவங்க காரியமா கேட்கிறாங்க. "அது வெறும் சதுப்பு", "தரம் குறைந்த காடு", "சும்மா கிடக்குற நிலம்". அதனால முழுப் பதிலையும் இங்கே எழுதுறேன். நீளமாத்தான் இருக்கும். ஒரு கோப்பி கலக்கிட்டு வாங்க.

3/
முதல்ல எந்தக் காட்டைப் பற்றிப் பேசறோம்? மலைக்காடு இல்லை. கடலோர சமவெளியில், ஆறுகளுக்கு நடுவே, வருஷம் முழுக்க தண்ணி தேங்கி நிற்கிற காடு. கீழே இருப்பது மண்ணே இல்லை. பாதி மக்கின இலை, கிளை, வேர். தண்ணிக்குள்ள ஆக்சிஜன் இல்லாததால முழுசா மக்க முடியாம ஆயிரக்கணக்கான வருஷமா அடுக்கடுக்கா சேர்ந்தது. பீட் மண்ணுன்னு சொல்றாங்க, மலாய்ல தானா கம்புட். எடையில் சுமார் 90 சதவீதம் தண்ணி. அதாவது காடு தண்ணிக்குப் பக்கத்துல நிக்கல. தண்ணி மேலேயே நிக்குது.

சிலாங்கூரில் இது ரெண்டு இடத்தில் பெரிசா பேசப்படுது. வடக்கே ராஜா மூசா, சுங்கை காராங் காப்புக்காடுகள். தெற்கே கோல லங்காட் வட்டாரம்.

4/
இப்ப அந்தக் கறுப்பு. நல்லா இருக்கிற சதுப்புக் காட்டு ஓடைத் தண்ணியை ஒரு கிளாஸ்ல அள்ளிப் பாருங்க. தே ஓ மாதிரி இருக்கும். பால் இல்லாத தேத்தண்ணி. நிறம் இருக்கும், ஆனா கலங்கல் இருக்காது, கிளாஸ் வழியா விரலைப் பார்க்கலாம். தேயிலைத் தூள்ல இருந்து தே ஓவுக்கு நிறம் இறங்குற மாதிரியே இலை தழையில் இருந்து சாயம் இறங்கியிருக்கு. புளிப்புத் தன்மை அதிகம், பிஎச் 3.5 முதல் 4.5 வரை. தக்காளிச் சாறு அளவுன்னு வச்சுக்குங்க. சத்து குறைவு, சேறு கிட்டத்தட்ட இல்லை. அந்தத் தண்ணிக்குன்னே பழகின உயிர்கள் இருக்கு. பெட்டா லிவிடான்னு ஒரு சிவப்பு சண்டை மீன், சிலாங்கூர் சதுப்புக் காடுகளின் சொந்தப் பிள்ளை. சின்ன வயசுல பாட்டில்ல சண்டை மீன் வளர்த்தவங்களுக்குப் புரியும்.

அப்புறம் மரம் வெட்டின பிறகு வர்ற தண்ணியைப் பாருங்க. தே தாரேக். நம்ம ஆறுகளின் தேசிய நிறம்.

ரெண்டும் "கறுப்பா, பழுப்பா ஏதோ ஒண்ணு" இல்லை. ஒரு மனுஷன் மாநிறமா இருக்கிறதுக்கும் மஞ்சள் காமாலை வந்து நிறம் மாறுறதுக்கும் உள்ள வித்தியாசம் அது. நிறத்தை மட்டும் பார்த்து "எப்பவும் இப்படித்தான்"னு சொல்ற டாக்டர்கிட்ட நீங்க போவீங்களா?

5/
"நாலு மரம் வெட்டினா தண்ணிக்கு என்ன ஆகும்?" கோடாலி மட்டும்னா ஒருவேளை பெரிசா ஆகாது. சதுப்புக் காட்டில் கோடாலிக்குக் கூடவே மண்வெட்டியும் போகும், அதுதான் பிரச்சினை.

யோசிச்சுப் பாருங்க. இடுப்பளவு புதைகிற நிலம். லோரி போகாது. ரமின், மெராந்தி பாயா, கெம்பாஸ் மாதிரி பெரிய மரத்தை எப்படி வெளியே கொண்டு வருவீங்க? கால்வாய் வெட்டி மிதக்க விடணும். அப்படித்தான் செஞ்சாங்க. வட சிலாங்கூர் சதுப்புக் காடு 1990இல் காப்புக்காடா ஆறதுக்கு முன்னாடி பல பத்து வருஷம் மரம் எடுக்கப்பட்ட இடம். ரமின் மரம் வெளிநாட்டுக்குப் போய் படச்சட்டமாவும் குழந்தைத் தொட்டிலாவும் ஆச்சு. மரம் போயிடுச்சு. வெட்டுக்காரனும் போயிட்டான். கால்வாய் மட்டும் அங்கேயே இருக்கு.

அந்தக் கால்வாய் ஒரு நிமிஷம் கூட லீவு எடுக்கல. ராத்திரி பகலா காட்டின் தண்ணியை வடிச்சுக்கிட்டே இருக்கு. ரத்தக் குழாயில் ஊசி குத்தி டியூப் போட்டுட்டு, ரத்தம் எடுத்து முடிச்சதும் டியூபைக் கழட்டாம வீட்டுக்குப் போன மாதிரி.

6/
நீர்மட்டம் இறங்கினா என்ன ஆகும்? அதுவரை காற்றே படாத பீட்டுக்கு முதல் முறையா ஆக்சிஜன் கிடைக்குது. ஆயிரம் வருஷம் மக்காம இருந்தது இப்ப மக்க ஆரம்பிக்குது. ஒரு பங்கு புகையாம எரியுற மாதிரி கார்பன் டை ஆக்சைடா மேலே போகுது. ஒரு பங்கு கரைஞ்சு ஓடைக்கு வருது.

2013இல் நேச்சர் இதழில் மத்திய கலிமந்தான் ஓடைகளை வச்சு செஞ்ச ஆய்வு வந்தது. காடு அழிஞ்ச, வடிகால் வெட்டின பீட் நிலத்திலிருந்து ஓடை வழியா வெளியேறுற கரிமம், நல்ல காட்டை விட சுமார் 50 சதவீதம் அதிகம். அதைவிட முக்கியமானது அதோட வயசு. நல்ல காட்டு ஓடையில் வர்றது சமீபத்திய இலையின் சாயம். அழிஞ்ச காட்டு ஓடையில் வர்றது நூற்றாண்டுகள், ஆயிரமாண்டுகள் பழசு. அதாவது வருமானத்தைச் செலவழிக்கல, பாட்டி நகையை வித்துச் சாப்பிடுது.

7/
அடுத்தது கொஞ்சம் பயங்கரமானது, ஆனா பொதுவெளியில் யாரும் பேசுறதில்லை. நம்ம கடலோர பீட்டுக்கு அடியில் பழைய கடல் களிமண் இருக்கு. அதுல பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது. தண்ணிக்கடியில் இருக்கிற வரைக்கும் அது தூங்கும். வடிகால் அந்த ஆழத்துக்குப் போய் காற்று பட்டா கந்தக அமிலமா மாறும். பேட்டரியில் ஊத்துறோமே, அதே அமிலம். பிஎச் 3க்குக் கீழே கூட இறங்கும். பிஎச் ஒண்ணு குறைஞ்சா அமிலம் பத்து மடங்குங்கிறதை ஞாபகம் வச்சுக்குங்க. அந்த அமிலம் களிமண்ணுக்குள்ள இருக்கிற அலுமினியத்தையும் இரும்பையும் கரைச்சு இழுத்துட்டு வரும். ஓடை ஓரத்தில் துரு நிறத்தில் படிவு பார்த்திருக்கீங்களா? அதுதான். அலுமினியம் மீனின் செவுள்ல படிஞ்சு மூச்சுத்திணற வச்சுக் கொல்லும்.

சதுப்புக் காட்டின் இயற்கையான புளிப்பு வேற, இந்த அமிலம் வேற. முதலாவதில் மீன் குடும்பம் நடத்துது. ரெண்டாவதில் மிதக்குது.

8/
மீதியை வேகமா சொல்லிடறேன். நிழல் போனதும் தண்ணி சூடாகும். சூடான தண்ணியில் ஆக்சிஜன் குறைவாத்தான் தங்கும். பீட் மக்கும்போது அதுல பூட்டி வச்சிருந்த நைட்ரஜன் அம்மோனியாவாவும் நைட்ரேட்டாவும் வெளியே வரும். காய்ஞ்ச பீட் தீப்பிடிக்கும், புகைமூட்டம் நமக்குத் தெரியும். அடுத்த மழையில் அந்தச் சாம்பலும் ஓடைக்குத்தான் வரும். கரையோர மரம் இல்லாததால கரை சரியும்.

1995இல் சுகார்த்தோ அரசு கலிமந்தானில் 10 லட்சம் ஹெக்டேர் பீட் நிலத்தை நெல்வயலாக்கப் போறோம்னு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்வாய் வெட்டிச்சு. நெல் சரியா வரல. 1997இல் தீ வந்தது. அந்தப் புகையை நாமளும் மூக்கால அனுபவிச்சோம்.

9/
சரி, இது எல்லாம் ஓடைக்கதை. நமக்கு என்ன?

இங்கே நேர்மையா ஒண்ணு சொல்லணும். உங்க வீட்டு பைப்புல வர்ற தண்ணி நேரா கோல லங்காட் சதுப்புக் காட்டிலிருந்து வருதுன்னு நான் சொல்லல. "இந்த மரத்தை வெட்டினதால உங்களுக்கு வயித்துப்போக்கு"ன்னு எந்த நோயாளிக்கும் என்னால சீட்டு எழுதித் தரவும் முடியாது. வாட்ஸ்அப்பில் அப்படி யாராவது எழுதினா நம்பாதீங்க.

நான் சொல்றது வேற. நம்ம மாநிலம் குடிக்கிறது பெரும்பாலும் ஆத்துத் தண்ணி. ஆறுங்கிறது அதுல வந்து சேர்ற ஓடைகளோட மொத்தக் கணக்கு. ஒவ்வொரு ஓடையும் கொஞ்சம் மோசமாகும்போது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பாதுகாப்பு இடைவெளி கொஞ்சம் குறையுது. ஒரு நாள் அந்த இடைவெளி தீர்ந்துடும். டாக்டருங்க இதை கிட்னியில் தினமும் பார்க்கிறோம். பாதி கிட்னி போற வரைக்கும் ஒரு அறிகுறியும் இருக்காது.

10/
சுத்திகரிப்பு நிலையத்தில் என்ன நடக்குது? சேறு படியறதுக்குப் படிகாரம், அதாவது அலுமினியம் உப்பு. அப்புறம் வடிகட்டல். அப்புறம் குளோரின். ஆத்துத் தண்ணியில் கலங்கலும் கரிமமும் கூடினா படிகாரமும் குளோரினும் கூடணும்.

குளோரின் கரிமத்தோட சேர்ந்தா டிரைஹாலோமீத்தேன்கள்ங்கிற துணைப்பொருட்கள் உண்டாகும். குளோரோஃபார்ம் அந்தக் குடும்பம்தான். 1974இல் ரோட்டர்டாம் குடிநீரில் ரூக் என்ற வேதியியலாளர் இதைக் கண்டுபிடிச்சார். பல வருஷம் அதிக அளவில் குடிச்சவங்களுக்கு மூத்திரப்பை புற்றுநோயோட தொடர்பு இருக்குன்னு ஆய்வுகள் சொல்றதால, அமெரிக்காவில் லிட்டருக்கு 80 மைக்ரோகிராம்னு வரம்பு வச்சிருக்காங்க.

உடனே "குளோரின் விஷம்"னு கிளம்பிடாதீங்க. குளோரின் இல்லைன்னா காலரா, டைஃபாய்டு. குளோரின் நம்ம நண்பன். நண்பன்கிட்ட எவ்வளவு அழுக்கைத் துடைக்கக் கொடுக்கிறோம்ங்கிறதுதான் கேள்வி. நிலையத்துக்கு வந்து சேர்ற கரிமத்தைக் குறைக்கச் சுலபமான வழி, அதைக் காட்டிலேயே, தண்ணிக்கடியிலேயே விட்டு வைக்கிறது. அதுக்கு மின்சாரமும் வேண்டாம், டெண்டரும் வேண்டாம். (டெண்டர் வேண்டாம்ங்கிறதுதான் அதோட குறையோ என்னவோ.)

11/
அம்மோனியா. குளோரின் போட்டா முதல்ல அம்மோனியாவோட சண்டை போடும். ஒரு பங்கு அம்மோனியாவைத் தீர்க்க கிட்டத்தட்ட எட்டு பங்கு குளோரின் வேணும். அது தீர்ந்த பிறகுதான் கிருமிக்கு மிச்சம். அதனாலதான் ஆத்துத் தண்ணியில் அம்மோனியா லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினா நம்ம நிலையங்கள் கையைத் தூக்கிடும்.

2014 ஞாபகம் இருக்கா? வறட்சி, பங்கீட்டுத் தண்ணி, வாளியோட வரிசை. அப்ப லங்காட் ஆத்துல அம்மோனியா ஏறினதால சேராஸ் 11வது மைல் நிலையத்தையும் புக்கிட் தம்போய் நிலையத்தையும் நிறுத்தினாங்க. அந்த அம்மோனியா காட்டிலிருந்து வந்ததுன்னு சொல்லல. 2020 செப்டம்பரில் ராவாங் பக்கம் சுங்கை கோங்கில் மாசு கலந்து நாலு நிலையம் மூடி, சுமார் 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணி நின்னதுக்கும் காடு காரணமில்லை. நான் காட்டுறது விளிம்பு எவ்வளவு மெல்லிசுன்னு. இவ்வளவு மெல்லிசான விளிம்பில் நின்னுக்கிட்டு, இலவசமா தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கிற காட்டையும் வடிச்சு விடலாமான்னு கேட்கிறவங்களுக்கு என்ன பதில் சொல்றது?

12/
இப்ப அந்த அங்கிளுக்கு வருவோம். அவர் டயாலிசிஸ் நோயாளின்னு மேலே சொன்னேன். காரணமாத்தான் சொன்னேன்.

நீங்களும் நானும் ஒரு நாளைக்கு ரெண்டு லிட்டர் தண்ணி குடிக்கிறோம். அது குடல் வழியா, வடிகட்டித்தான் ரத்தத்துக்குப் போகுது. டயாலிசிஸ் நோயாளியின் ரத்தம் ஒரே சிட்டிங்கில் சுமார் 120 லிட்டர் தண்ணியோட, ஒரு மெல்லிய சவ்வுக்கு அந்தப்பக்கம் இந்தப்பக்கமா உறவாடுது. நாலு மணி நேரம். வாரத்துக்கு மூணு தடவை. நாட்டில் தண்ணியின் தரத்தை முதல்ல உணர்ற உடம்பு அவங்களோடதுதான்.

டயாலிசிஸ் தண்ணியில் நாங்க ரொம்பப் பயப்படுறது எதுக்குத் தெரியுமா? ஒண்ணு அலுமினியம். மூளையைப் பாதிக்கும், எலும்பை அரிக்கும். இன்னொண்ணு குளோரமின். அம்மோனியாவும் குளோரினும் சேர்ந்து உண்டாகிறது. சிவப்பணுக்களை உடைக்கும். நம்ம ரெண்டு பேருக்கும் அந்த அளவில் ஒண்ணும் செய்யாது. அவங்களைப் படுக்க வைக்கும்.

மேலே போய் 10, 11 ரெண்டையும் திரும்பப் படிங்க. மோசமான ஆத்துத் தண்ணிக்கு நிலையம் செய்யற வைத்தியம் என்ன? படிகாரம் கூட்டு, குளோரின் கூட்டு.

13/
"அதான் ஆர்ஓ மெஷின், கார்பன் ஃபில்டர் எல்லாம் இருக்கே டாக்டர்?" இருக்கு. நல்லாத்தான் வேலை செய்யுது. அதை நம்பித்தான் நானும் நோயாளிகளை அனுப்புறேன். ஆனா ஃபில்டர் வர்ற தண்ணிக்கு ஏத்தபடிதான் உழைக்கும். 1996இல் பிரேசிலில் கருவாருங்கிற ஊரில், ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு லோரியில் வந்த நீர்த்தேக்கத் தண்ணியில் பாசி நச்சு இருந்தது. 131 நோயாளிகளில் 116 பேர் பாதிக்கப்பட்டாங்க, 50க்கும் மேல செத்தாங்க. சத்து கூடி, வெயில் பட்டு, பாசி கட்டின நீர்த்தேக்கம். தண்ணித் தட்டுப்பாடு, லோரித் தண்ணி. இந்தச் சொற்கள் நமக்குப் புதுசா?

நம்ம சமூகத்தில் எத்தனை பேர் டயாலிசிஸில் இருக்காங்கன்னு நான் சொல்லத் தேவையில்லை. உங்க குடும்பத்தில் விரல் விட்டு எண்ணிப் பாருங்க.

14/
தண்ணித் தடை வந்தா இன்னொண்ணும் நடக்கும். எல்லாரும் பீப்பாய், வாளி, டிரம்னு நிரப்பி வைப்போம், மூடாம. ஒரு வாரத்தில் ஏடிஸ் கொசுப் புழு. அதுக்குப் பிறகு என் கிளினிக்கில் காய்ச்சல் வரிசை. நாட்டிலேயே டெங்கியில் முன்னால நிற்கிற மாநிலம் நம்மளுது. சுகாதார அமைச்சு ஆட்கள் வந்து உங்க வீட்டு டிரம்முக்கு சம்மன் எழுதுவாங்க. ஆத்தைக் கெடுத்தவனுக்கு எழுதின சம்மனை நான் பார்த்ததில்லை.

15/
இதுவரை பைப்பு இருக்கிறவங்களைப் பற்றிப் பேசினேன். காட்டு ஓரத்துல தெமுவான் பூர்வகுடி மக்கள் இருக்காங்க. புசுட் பாரு, புக்கிட் தாடோம், பூலாவ் கெம்பாஸ். அவங்களுக்குக் காட்டு ஓடைங்கிறது கட்டுரை இல்லை. மீன் அதுல, மூலிகை அதுல, தாத்தாவின் கல்லறை அதுக்குப் பக்கத்துல. ஓடை மாறினா பாட்டில் தண்ணி வாங்கு, ஃபில்டர் மாட்டுன்னு அவங்ககிட்ட சொல்ல நமக்கு வாய் வருமா?

16/
கோல லங்காட் வடக்குக் காப்புக்காட்டில் நடந்ததை மறந்தவங்களுக்காக.

2020 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. 957.63 ஹெக்டேர் காட்டில் 930.93 ஹெக்டேரைக் காப்புக்காடு பட்டியலிலிருந்து நீக்கி மேம்பாட்டுக்குக் கொடுக்கப் போறாங்கன்னு. கிட்டத்தட்ட மொத்தக் காடு. பல்லாயிரம் பேர் ஆட்சேபம் எழுதினாங்க. பூர்வகுடி மக்கள் நேர்ல போய்ச் சொன்னாங்க. மாநில சட்டமன்றமே காட்டைக் காக்கணும்னு தீர்மானம் போட்டது. அப்பாடான்னு இருந்தோம்.

2021 ஆகஸ்ட் கடைசியில் சட்டமன்றத்தில் சாவகாசமா ஒரு பதில் வருது. 536.70 ஹெக்டேர் மே மாதமே நீக்கியாச்சு. கோவிட் உச்சத்தில், நாங்க எல்லாம் ஆக்சிஜன் சிலிண்டர் தேடி ஓடிக்கிட்டிருந்தபோது. மக்கள் கொதிச்சதும் செப்டம்பரில் முடிவை ரத்து செஞ்சாங்க.

ஜெயிச்சோம், சரி. ஆனா அன்னைக்குச் சொன்ன காரணம் இன்னும் உயிரோட இருக்கு. அதைக் கொல்லாம விட்டா திரும்ப வரும்.

17/
காரணம் இதுதான்: "காடு ஏற்கனவே தரம் குறைஞ்சுபோச்சு. அடிக்கடி தீப்பிடிக்குது. வச்சிருந்து என்ன பயன்?"

என் தொழில் பாஷையில் சொல்றேன். சுகர் நோயாளி ஒருத்தர். அவருக்கு மருந்து கொடுக்க வேண்டிய பொறுப்பு உங்களுக்கு. கொடுக்கல. காலில் புண் வந்தது. கட்டு மாத்தல. ரத்த ஓட்டம் போய் விரல் கறுத்தது. அப்ப நீங்க வந்து, "பாருங்க, விரல் செத்துப்போச்சு, அதனால இடுப்புக்குக் கீழே எடுத்துடலாம், அந்த இடத்துல எனக்கு ஒரு கடை கட்டணும்"னு சொன்னா அது வைத்தியமா?

காடு ஏன் தரம் குறைஞ்சது? மரம் எடுத்தாங்க. ஏன் தீப்பிடிக்குது? கால்வாய் வடிச்சதால பீட் காய்ஞ்சது. ஈரமான பீட் எரியாது. ஓடை ஏன் கெட்டது? மேலே எழுதியாச்சு. ஆக, நோயை உண்டாக்கினதையே நோயாளியைக் கைவிடறதுக்குக் காரணமா காட்டுறாங்க. "தரம் குறைந்த"ங்கிற சொல்லைக் கேட்டா நான் கேட்கிற முதல் கேள்வி: குறைச்சது யாரு?

18/
இங்கே சிலர் என்னைக் கேட்பாங்க. "டாக்டர், நீங்க இருக்கிற தாமானே ஒரு காலத்தில் சதுப்புதானே?" ஆமா. சதுப்பு, அப்புறம் ரப்பர், அப்புறம் செம்பனை, இப்ப என் வீடு. மழை பெய்தா கார் நிறுத்துற இடம் கொஞ்சம் இறங்குது. இன்னும் சொல்லப்போனா இந்தக் கடலோரத் தோட்டங்களில் வடிகால் வெட்டினதில் நம்ம தாத்தாமாரின் முதுகுவலி நிறைய இருக்கு. அவங்களுக்கு வேற வழி கொடுக்கப்படல, அதுக்காக நான் வெட்கப்படப் போறதில்லை. ஆனா தெரியாம செஞ்சதுக்கும், இவ்வளவு ஆய்வு வந்த பிறகு தெரிஞ்சே செய்யறதுக்கும் ஒரே மன்னிப்பு கிடையாது.

வீடு வேணும்னா, வேலை வேணும்னா, ஏற்கனவே வெட்டப்பட்ட நிலம் இந்த மாநிலத்தில் இல்லையா? கைவிட்ட தொழிற்பேட்டை இல்லையா? எப்பவும் காப்புக்காடுதான் கண்ணுல படுது. ஏன்னா அது மலிவு. மலிவா இருக்கக் காரணம், தண்ணிச் செலவை அந்த விலையில் யாரும் சேர்க்கல. அது உங்க பில்லிலும் என் கிளினிக் வரிசையிலும் சேர்ந்திருக்கு.

19/
இன்னொரு கணக்கு. பீட் வளர்றது வருஷத்துக்கு ஓரிரு மில்லிமீட்டர். வடிகால் வெட்டின பீட் முதல் அஞ்சு வருஷத்தில் ஒரு மீட்டருக்கு மேல இறங்கிடும், அப்புறம் வருஷத்துக்குச் சுமார் 5 சென்டிமீட்டர். சுமத்ராவில் அளந்து பார்த்த கணக்கு. அந்த 5 சென்டிமீட்டர் எங்கே போகுது? பாதி வானத்துக்கு, பாதி தண்ணிக்குன்னு சொல்ற அளவுக்குச் சுலபம் இல்லை, பெரும்பங்கு காற்றுக்குத்தான். ஆனா நிலம் இறங்க இறங்க வெள்ளம் நிக்கும், கடல் தண்ணி உள்ளே வரும். அப்ப அங்கே கட்டின வீட்டை யார் தூக்கி நிறுத்துவாங்க?

20/
வைத்தியம் இல்லையா? இருக்கு, அதுவும் மலிவான வைத்தியம். வட சிலாங்கூரில் ராஜா மூசா காட்டில் பழைய கால்வாய்களை மண் மூட்டை, மரத்தடுப்பு வச்சு அடைச்சு நீர்மட்டத்தை ஏத்துறாங்க. வனத்துறையும் தன்னார்வலர்களும் பக்கத்து ஊர் மக்களும் சேர்ந்து 15 வருஷத்துக்கும் மேல செய்யற வேலை. தண்ணி ஏறினா பீட் நனையும், தீ குறையும், பழைய கரிமம் திரும்பப் பூட்டப்படும். நம்ம செகிஞ்சான், தஞ்சோங் காராங் நெல்வயலுக்கு வறட்சிக் காலத்தில் தண்ணி விடுறதும் இந்தக் காடுதான். சோறு போடுற காடுன்னு நான் உவமைக்குச் சொல்லல.

டியூபைக் கழட்டி, பஞ்சு வச்சு அழுத்துறது. முதலுதவியில் முதல் பாடம்.

21/
அதனால நான் கேட்கிறது:

எந்த பீட் காடும் "தரம் குறைந்தது"ங்கிற காரணத்தைக் காட்டிப் பட்டியலிலிருந்து நீங்கக் கூடாது. குறைஞ்சிருந்தா அது கால்வாய் அடைக்கக் காரணம், காட்டை எடுக்கக் காரணமில்லை.

சுத்திகரிப்புக்கு வர்ற ஆத்துத் தண்ணியின் அம்மோனியா, கரிமம், கலங்கல் அளவுகளை மக்கள் பார்க்கிற மாதிரி தினமும் போடுங்க. புகைமூட்டத்துக்கு மணிக்கு மணி குறியீடு போடத் தெரியுது. தண்ணிக்கு ஏன் முடியாது?

காப்புக்காட்டை நீக்குற முடிவுகளில் சுகாதாரத் துறை ஆள் ஒருத்தர் உட்காரணும், டயாலிசிஸ் மையங்களையும் கேட்கணும். சிரிக்காதீங்க. காடு விஷயத்தில் நிலத்துறை பேசலாம், திட்டத்துறை பேசலாம், மேம்பாட்டாளர் பேசலாம், ரத்தத்தில் அந்தத் தண்ணியை ஏத்திக்கிறவர் பேசக்கூடாதா?

22/
சக டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை. சிலாங்கூரில் காப்புக்காட்டை நீக்கும் முன்னாடி மக்கள் கருத்து கேட்கணும்னு சட்டம் இருக்கு. அறிவிப்பு பத்திரிகையில் சின்ன எழுத்துல வரும். ஆட்சேபக் கடிதம் ஒரு பக்கம் போதும். மருத்துவச் சான்றிதழ் எழுத ஆகிற நேரம்தான். "இதுல நமக்கென்ன"ன்னு நினைக்கிறவங்க, அடுத்த தண்ணித் தடை அன்னைக்கு உங்க வார்டு சிங்க்கைத் திறந்துட்டு யோசிங்க.

மத்தவங்களுக்கு: நீங்களும் எழுதலாம். மலாய்ல எழுத வரலைன்னா கீழே கமெண்ட்ல சொல்லுங்க, மாதிரிக் கடிதம் போடுறேன். வைபிக்கு லைக் போடுறதை விட இது பிரயோசனம்.

23/
இன்னைக்குக் காலையில் அங்கிள் மறுபடி கட்டு மாத்த வந்தார். புண் கொஞ்சம் சிவந்திருக்கு, நல்ல அறிகுறி. கிளம்பும்போது சொன்னார்: "டாக்டர், நாங்க அந்தக் காலத்துல வடிகால் வெட்டும்போது தண்ணி முதல்ல தே ஓ மாதிரிதான் வந்துச்சு. ரெண்டாவது மாசம் பார்த்தா துரு கலர். அப்பா அதைக் குடிக்காதேன்னு அடிச்சாரு."

நான் 7வது பதிவில் இழுத்து இழுத்து எழுதினதை அவங்க அப்பா ஒரே அடியில் சொல்லிட்டார்.

அடுத்த செவ்வாய் அவருக்கு ரத்தப் பரிசோதனை. அலுமினியமும் சேர்த்து எழுதியிருக்கேன். கமெண்ட்ஸ் ராத்திரி கிளினிக் முடிஞ்சதும் பார்க்கிறேன்.